நீலகிரியில் செம்பழுப்புச் சவாரிக் குதிரை வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் வசித்துக்கொண்டு, போட்டிக்கோ பந்தயத்துக்கோ அல்லாமல், தட்டையான, இலேசான ஆங்கிலச் சேணம் போட்டு நிதானமாகச் சவாரி செய்ய ஒரு குதிரை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது எழுதப்பட்டது. பலரும் கேட்பது ‘பே’ நிறக் குதிரை. உடல் செம்பழுப்பாகவும், பிடரி, வால், காதின் ஓரம், முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி ஆகியவை கறுப்பாகவும் இருப்பதே அந்த நிறம். பிடரியும் காலும் உடலைப் போலவே சிவந்திருந்தால் அது வேறு நிறம். விற்பவர் எப்படி அழைத்தாலும் அது பே ஆகாது.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். முதலில் குதிரையைப் பார்த்து மயங்கி, பிறகு முன்பணம் கொடுத்து, அதன் பிறகு லாயம் தேடி, கடைசியில் மருத்துவரை அழைக்கிறார்கள். கீழே உள்ள வரிசை ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது.

1. குதிரையைத் தேடும் முன் லாயத்தை முடித்துவிடுங்கள்

ஒரு முழு அளவுக் குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை தேவை. திரும்பவும் படுக்கவும் எழவும் அதற்கு அவ்வளவு இடம் வேண்டும். குறுகிய அறையில் சுவரோரமாகப் படுத்துவிட்டால், காலை நீட்டி எழ முடியாமல் காயப்படுத்திக்கொள்ளும்.

மலைக் குளிருக்குப் பயந்து சன்னல்களை எல்லாம் தகரம் வைத்து அடைப்பது இங்கே அடிக்கடி காணும் பிழை. குதிரை குளிரைத் தாங்கும்; நனைந்த உடம்பில் படும் காற்றையும், மூடிய அறையில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா நெடியையும்தான் அதனால் தாங்க முடியாது. கூரை ஒழுகக் கூடாது, தரையில் நீர் தேங்கக் கூடாது, மேலே காற்று போக வேண்டும். இரவில் தாழிடக்கூடிய உறுதியான கதவும் வேண்டும். சிறுத்தை நடமாடும் ஊரில் பாதித் தட்டி போதாது.

தீவனத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 450 கிலோ எடையுள்ள குதிரை, தன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 9 கிலோ அளவுக்கு, உலர் எடைக் கணக்கில் புல்லும் வைக்கோலும் தின்னும். 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். மழைமாதங்களில் மலையில் புல்லைக் காயவைப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதால், உலர்தீவனம் கீழிருந்து வர வேண்டியிருக்கும். அதை எங்கே வாங்கி எங்கே நனையாமல் அடுக்குவீர்கள் என்பதற்கு முதலில் விடை இருக்கட்டும்.

மூன்று பேரின் தொலைபேசி எண்கள் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்: குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர், தினமும் வந்து பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். உங்கள் ஊருக்கு வர இசையும் லாடக்காரர் கிடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல குதிரையும் சில மாதங்களில் நொண்டத் தொடங்கும்.

‘மற்றவர்களைப் போல இரவில் அவிழ்த்துவிட்டால் தானே மேய்ந்து வராதா’ என்ற கேள்வியும் வரும். உதகைச் சாலைகளில் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் தின்பதையும் வண்டியில் அடிபடுவதையும் பார்த்தவர்களுக்கு அதற்கான பதில் தெரியும்.

2. எப்படிப்பட்ட குதிரை என்று காகிதத்தில் எழுதுங்கள்

எடையிலிருந்து தொடங்குவது நல்லது. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த சுமை, குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 8 கிலோ சேணத்துடன் ஏறினால் மொத்தம் 83 கிலோ. குதிரை குறைந்தது 415 கிலோ இருக்க வேண்டும். நம் சாலைகள் ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், வரம்பை 17 சதவீதம் அளவில் நிறுத்துவதே என் பரிந்துரை. ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக் குதிரைகளில் பல இந்தக் கணக்கில் பெரியவர்களுக்குத் தேறாது. பத்து வயதுப் பிள்ளைக்கு அவையே போதும்.

உயரத்தை, கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் அளப்பார்கள். ஒரு ‘ஹேண்ட்’ என்பது 4 அங்குலம், 15.2 என்றால் 15 ஹேண்டும் 2 அங்குலமும். அது தசமப் புள்ளி அல்ல என்பதால் 15.4 என்று ஓர் உயரம் கிடையாது. அப்படிச் சொல்பவர் அளந்து பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் குதிரைக்கு ஏழு முதல் பதினான்கு வயது வரை ஏற்றது. அதற்குக் கீழே பழக்கம் போதாது; மேலே போனால் மூட்டுத் தேய்மானத்தின் செலவு உங்கள் தலையில் விழும். காயடித்த ஆண் குதிரை நிதானமானது. பெட்டையும் நல்லதே, பருவ நாட்களில் மட்டும் பொறுமை தேவைப்படும். காயடிக்காத ஆண் குதிரையைப் புதியவர் வாங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

குணத்தையும் எழுதுங்கள். ஆங்கில முறை இன்பச் சவாரிக்கான குதிரை, கடிவாள வாரில் மெல்லிய தொடர்பு இருக்கும்போதே அமைதியாக நடந்து, சீரான டிராட்டில் (துள்ளு நடையில்) ஓடி, கேட்டபோது கேண்டருக்கு (மிதமான பாய்ச்சலுக்கு) மாறி, கேட்டபோது மீண்டும் நடைக்கு இறங்க வேண்டும். காலைத் தூக்கி ஆடுவதோ, கழுத்தை வில்லாக வளைத்து முறைப்பதோ இதில் சேராது. நிறம் பட்டியலின் கடைசி வரியில் இருக்கட்டும்.

3. உள்ளூரில் எங்கே கிடைக்கும்

தனியார் உரிமையாளர்களிடம் கிடைப்பதே முதல் தேர்வு. பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போய்விட்டதாலோ எஸ்டேட் கைமாறியதாலோ விற்கப்படும் குதிரை, பெரும்பாலும் ஒரே வீட்டில் ஒரே ஆளால் பராமரிக்கப்பட்டதாக இருக்கும். லாடக்காரரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவைத்தால், தரகர் காதுக்கு எட்டும் முன்பே செய்தி உங்களுக்கு வந்துவிடும்.

சுற்றுலாச் சவாரிக் குதிரைகள் இரண்டாவது. ஆரவாரம், ஆரன் ஒலி, குழந்தைகளின் கூச்சல் எதற்கும் அசையாதவை அவை. ஆனால் ஒருவர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தே பழகியவை என்பதால், தனியாக ஓட்டினால் திசை தெரியாமல் நிற்கும். மே மாதக் கூட்டம் ஓய்ந்து ஜூன் மழை பிடித்த பிறகு, வருமானம் நின்று தீவனச் செலவு மட்டும் தொடரும் நேரத்தில் பேரம் உங்கள் பக்கம் சாயும்.

பந்தயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்) குதிரைகளில்தான் நல்ல உயரமும் பே நிறமும் எளிதாக அமையும். முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகையில் பந்தயக் காலம் நடக்கும்போது அவை மலைக்கே வந்துவிடும். 2024 ஜூலையில் பந்தய மைதான நிலத்தை அரசு மீட்டுக்கொண்ட பின், பெங்களூரு அல்லது மைசூருவரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பந்தயக் குதிரை என்பது பாதிப் படிப்பு முடித்த குதிரை: நேராக விரைந்து ஓடத் தெரியும், மெதுவாக நிற்கவும் வளைந்து திரும்பவும் தெரியாது. மறுபயிற்சிக்கு ஆறு மாதமாவது ஒதுக்கத் தயாராக இருப்பவரும், ஏற்கெனவே நன்றாகச் சவாரி தெரிந்தவரும் மட்டுமே இதை எண்ண வேண்டும்.

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கப் போகலாம். அங்கே வரும் மார்வாரி, கத்தியவாரி ஆகிய வடமேற்கு இந்திய இனக் குதிரைகள் அழகானவை. ஆனால் நாட்டியத்துக்குப் பழக்கிய குதிரையை அமைதியான சவாரிக்கு மாற்றுவது கடினம். மேலும் பல ஊர்க் குதிரைகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் தொற்றின் வாய்ப்பு அதிகம். மீண்டும் மீண்டும் போய்ப் பார்க்கவும் முடியாது. உள்ளூரில் வாங்குவதன் பெரிய நன்மையே இந்தக் கடைசி விஷயம்தான்: மழையிலும் வெயிலிலும், சொல்லிவிட்டும் சொல்லாமலும் போய்ப் பார்க்கலாம்.

4. போகும் முன் தொலைபேசியில்

வயது, உயரம், எதற்காக விற்கிறார்கள், எத்தனை காலமாக அவர்களிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது நொண்டியது, வயிற்றுவலி வந்ததுண்டா, கடைசி லாடம் எப்போது என்று கேளுங்கள். ‘நொண்டியதே இல்லை’ என்பவரைவிட, ‘போன மழையில் இடது முன்னங்கால் குளம்பில் சீழ் பிடித்தது, பத்து நாள் ஓய்வு கொடுத்தோம்’ என்பவரை நம்பலாம்.

ஒரு நிபந்தனையையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும் முன் குதிரையைக் குளிப்பாட்டவோ, ஓட்டவோ, சேணம் போடவோ வேண்டாம். காரணம் அடுத்த படியில் வருகிறது.

5. லாயத்திலேயே முதல் சோதனை

விடியற்காலையில் போங்கள். இரவு முழுவதும் நின்ற குதிரையின் விறைப்பு, முதல் இருபது அடிகளில்தான் தெரியும். கால் மணி நேரம் நடத்திவிட்டால் மூட்டு சூடேறி மறைந்துவிடும். நீங்கள் வரும்போதே குதிரை வியர்வையுடன் தயாராக நின்றால், அன்று வேறு எதையும் பார்க்காமல் திரும்பி, இன்னொரு நாள் போங்கள்.

தொடும் முன் ஐந்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகிறதா? கதவருகே நின்று இடமும் வலமும் ஓயாமல் அசைகிறதா? ஒரு முன்னங்காலை மட்டும் முன்னால் நீட்டி வைத்து ஓய்வெடுக்கிறதா? பின்னங்காலை மாற்றி மாற்றி ஓய்வெடுப்பது இயல்பு. முன்னங்காலைத் தனியே நீட்டுவது குளம்பு வலியின் அறிகுறி. காற்று விழுங்கும் குதிரையின் முன்பற்கள் விளிம்பில் தேய்ந்திருக்கும் என்பதால், அன்று அது செய்யாவிட்டாலும் வாய் காட்டிக்கொடுக்கும்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். சமவெளியிலிருந்து அண்மையில் வந்த குதிரையாக இருந்தால், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் முதல் சில வாரங்கள் வேலை செய்தபின் மூச்சு தணிய நேரம் எடுக்கும். அதை நோயென்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் ஓய்விலேயே விலா துடிக்க மூச்சு விடுவது அந்தக் கணக்கில் சேராது.

பிறகு நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். ஒரு காலில் மட்டும் சூடு, முன்னங்காலின் பின்பக்கத் தசைநாரில் வில்போன்ற புடைப்பு, இடதுக்கும் வலதுக்கும் குளம்பின் அளவில் வேறுபாடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தயத்திலிருந்து வந்த குதிரைகளில் அந்தத் தசைநார்ப் புடைப்பு அடிக்கடி தென்படும். ஆறிப் பழையதாகி இறுகிவிட்டிருந்தால் மெதுவான சவாரிக்குத் தடையில்லை, தொட்டால் சுடுமென்றால் வேண்டாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்த மரியாதை தேவையில்லை. நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் நிலைப்பற்களாக மாறும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். கீழ்வரிசைப் பற்களின் மேற்பரப்பில் உள்ள குழிகள் நடுவில் ஆறு, அடுத்து ஏழு, ஓரத்தில் எட்டு வயதளவில் தேய்ந்து மறையும். மேல் ஓரப் பல்லின் வெளிப்புறத்தில் பத்து வயதளவில் ஒரு நெடுங்கோடு ஈறருகே தொடங்கி, பதினைந்தில் பாதிவரை இறங்கி, இருபதில் முழுப் பல்லையும் கடக்கும். இவையெல்லாம் உத்தேசக் கணக்கே. ஆனால் ‘எட்டு வயது’ என்று சொல்லப்பட்ட குதிரையின் பல்லில் கோடு பாதிவரை இறங்கியிருந்தால், மற்ற சொற்களையும் அதே அளவில் நம்புங்கள்.

பே நிறத்தால் வாங்குபவருக்கு ஒரு பயன் உண்டு. பழைய காயம் ஆறிய இடத்தில் முளைக்கும் வெள்ளை மயிர் இந்த நிறத்தில் தெளிவாகத் தெரியும். தோள்மேட்டின் இருபுறமும், முதுகிலும், வயிற்று வார் படும் இடத்திலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தால், பொருந்தாத சேணத்தை நெடுநாள் சுமந்திருக்கிறது. அந்த இடத்தை விரலால் அழுத்தும்போது முதுகைத் தாழ்த்திக்கொள்கிறதா என்று பாருங்கள். பிடரியும் காலும் ஐயத்துக்கிடமாகக் கன்னங்கரேல் என்றிருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

சுழி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர் அதைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசுவார். சுழியால் நன்மையோ தீமையோ வரும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நெற்றி, கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் சுழி எங்கே இருக்கிறது என்பது வாழ்நாள் முழுதும் மாறாது. குதிரையின் அடையாளச் சீட்டிலும் அது வரையப்படுகிறது. ஆகவே எல்லாச் சுழியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுழி சரியில்லை’ என்று பிறர் ஒதுக்கிய நல்ல குதிரை குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு.

6. இந்த மலைக்கே உரிய கோளாறுகள்

வெளியூர்க் கையேடுகளில் இல்லாத பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீலகிரியின் மேய்ச்சல் நிலங்களில் கிக்குயு புல் பரவியிருக்கிறது. மாட்டுக்கு நல்ல தீவனமான அதில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், குதிரையின் குடலில் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்துவிடும். அதோடு, பழக்கத்தின் பேரில் கோதுமைத் தவிட்டை வாளி வாளியாகக் கொடுப்பார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். நாளடைவில் கண்ணுக்குக் கீழே முகத்தின் இருபுறமும் எலும்பு உப்பும், பற்கள் ஆடும், இன்று ஒரு காலிலும் நாளை வேறொரு காலிலுமாக நொண்டல் வரும்.

இதைக் கண்டுபிடிக்க முகத்தை நேர் எதிரே நின்று பாருங்கள். கன்ன எலும்பின் கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். இரத்தத்தில் சுண்ணாம்பு அளவைச் சோதித்தால் போதாது, ஏனென்றால் எலும்பு ஈடுகட்டிக்கொண்டிருக்கும்வரை அளவு சரியாகவே காட்டும். என்ன தின்கிறது என்ற கேள்விக்கான பதிலே இங்கே பெரிய சோதனை. ‘புல்லும் தவிடும்தான்’ என்றால் எச்சரிக்கையாகப் பாருங்கள். குதிரை மசால் என்ற பசுந்தீவனமும் தாது உப்பும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் நல்லது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி.

அடுத்தது குளம்பு. மழைமாதச் சேற்றில் நின்ற குளம்பின் அடியில், நடுவிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாறும் அழுகல் ஏற்படும். குளம்பைத் தூக்கிச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். லேசானது என்றால் உலர்ந்த தரையும் நாள்தோறும் சுத்தமுமே குணப்படுத்திவிடும். மெத்தை வெடித்துப் பிளந்து, கட்டை விரலால் அழுத்தினால் காலை இழுத்துக்கொண்டால், செலவும் மாதங்களும் பிடிக்கும். குளம்பின் வெளிச்சுவரில் வளையங்கள் குதிகாலை நோக்கி அகன்று விரிந்திருந்தால், முன்பு குளம்புச் சதை அழற்சி வந்துபோயிருக்கலாம். அந்தக் குதிரையை மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

மசினகுடி போன்ற தாழ்ந்த, வெதுவெதுப்பான பகுதிகளிலிருந்தோ சமவெளியிலிருந்தோ வந்த குதிரையாக இருந்தால் சர்ரா நோயை நினைவில் வையுங்கள். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ஒட்டுண்ணி இது; விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, வெளுத்த ஈறு, வயிற்றின் அடியிலும் காலிலும் நீர்வீக்கம் ஆகியவை அறிகுறிகள். உண்ணிகள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயும் இதைப் போலவே தோன்றும். இரண்டையும் இரத்தச் சோதனையே பிரித்துக் காட்டும்.

தெருவில் மேய்ந்து வளர்ந்த குதிரை என்றால் சாணத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் நூல், சாக்கு இழை தென்பட்டால், உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மார்க்கெட்டில் கழித்துப்போட்ட முட்டைக்கோசும் முளைவிட்ட உருளைக்கிழங்கும் தீவனமாகக் கொடுக்கப்படுகின்றனவா என்றும் கேளுங்கள். முதலாவது வாயுவை உண்டாக்கும், இரண்டாவது நஞ்சு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போன தவறு வயிற்றுவலியாகவே முடியும். கேரட் கொடுத்தால் கவலையில்லை, நீளவாக்கில் நறுக்கியிருந்தால் போதும்.

7. நடை பார்க்கும் முறை

தலைக்கயிற்றை நீளமாக விட்டு, கெட்டியான தார்ச்சாலையில் முதலில் நடையிலும் பிறகு டிராட்டிலும் உங்களை நோக்கியும் விலகியும் ஓட்டச் சொல்லுங்கள். கயிற்றை முகவாயருகே இறுக்கிப் பிடித்தால் தலை அசைவு மறைந்துவிடும், அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். புதியவர்கள் தலை தாழும் காலை நொண்டிக்கால் என்று தலைகீழாகப் படிப்பது வழக்கம்.

பிறகு மென்மையான தரையில் நீண்ட கயிற்றில் இரு பக்கமும் வட்டமிடச் செய்யுங்கள். நேர்க்கோட்டில் சரியாக ஓடும் குதிரை வட்டத்தில் உள்பக்கக் காலில் தடுமாறக்கூடும்.

கடைசியாகச் சரிவு. நூறு அடி இறக்கத்தில் நடத்திப் பாருங்கள். குளம்பின் முன்பகுதியை முதலில் ஊன்றுகிறதா, பக்கவாட்டில் திரும்பி இறங்கப் பார்க்கிறதா, பின்னங்கால்களை அடியில் கொண்டுவர மறுக்கிறதா? சமதரை லாயத்தில் மட்டும் பார்த்து வாங்கிய குதிரை குன்னூர்ச் சாலையில் முரண்டு பிடிப்பதற்கு, பெரும்பாலும் குணம் காரணமாக இருக்காது, வலிதான் காரணமாக இருக்கும்.

8. சவாரி செய்து பார்த்தல்

முதலில் விற்பவரோ அவருடைய ஆளோ ஏற வேண்டும். அவர்கள் ஏறத் தயங்கினால் அங்கேயே முடிவு கிடைத்துவிட்டது. அடுத்து, உங்களுடன் வந்த அனுபவமுள்ள ஒருவர். மூன்றாவதாக நீங்கள். இந்த வரிசை உங்கள் உயிருக்கான பாதுகாப்பு. மூன்றில் எதையும் தாண்டாதீர்கள்.

சேணம் போடும்போதே கவனியுங்கள். வயிற்று வாரை இழுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்தால், முதுகுவலியோ வயிற்றுப்புண்ணோ இருக்கலாம். கடிவாளம் என்ன வகை என்றும் பாருங்கள்: கடுமையான, நீண்ட நெம்புகோல் உள்ள கடிவாளம் போட்டுத்தான் நிறுத்த முடிகிறது என்றால், மென்மையான தொடர்பில் அது நிற்காது. நடுவில் மூட்டுள்ள எளிமையான கடிவாளம் ஒன்றை நீங்களே கொண்டுபோவது நல்லது.

ஏறியதும் குதிரை நகராமல் நிற்கிறதா? நடையில் வாரைத் தளர்த்தினால் கழுத்தை நீட்டுகிறதா? டிராட்டில் நீங்கள் எழுந்து அமர்ந்து சவாரி செய்யும்போது வேகத்தை மாற்றாமல் ஓடுகிறதா? கேண்டரிலிருந்து மூன்று நான்கு தாவலுக்குள் டிராட்டுக்கு இறங்குகிறதா? இவைதான் இன்பச் சவாரிக் குதிரையின் தேர்வு. வேகமாக ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை.

பிறகு லாயத்தை விட்டு விலகித் தனியாக ஒரு கிலோமீட்டர் போங்கள். கூட்டத்துடன் மட்டும் நடக்கும் குதிரை இங்கே தெரிந்துவிடும்: நிற்கும், திரும்பும், கனைக்கும். வளைவில் எதிரே வரும் பேருந்தும், தேயிலைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் இயந்திரமும், மேலே படபடக்கும் தார்ப்பாயும் நம் ஊரின் அன்றாடங்கள். அவற்றைக் கண்டு ஒருமுறை திடுக்கிடுவது இயல்பு. திடுக்கிட்டபின் எத்தனை நொடியில் அடங்குகிறது என்பதே கணக்கு.

வேறொரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முதல் நாள் சாதுவாக இருந்தது மருந்தாலா, உண்மையாலா என்பது இரண்டாம் நாள் தெரியும்.

9. மருத்துவப் பரிசோதனை

மருத்துவரை நீங்கள் அழைத்து, கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். விற்பவரின் வழக்கமான மருத்துவர் நேர்மையானவராகவே இருந்தாலும், இரு பக்கமும் கடமைப்பட்டவராக அவரை நிறுத்துவது முறையல்ல.

இதயம், நுரையீரல், கண், வாய், முதுகு, மூட்டை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டும் சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். ஓடும்போது மூச்சிழுப்பில் கரகரவென்ற ஓசை வருகிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். தொண்டை நரம்புக் கோளாறாக இருக்கலாம், மேட்டில் ஏறும்போது அது மோசமாகும். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைப்பது உண்டு என்பதால், பரிசோதனை அன்றே இரத்த மாதிரி ஒன்றை எடுத்துக் குளிர்பதனத்தில் வைக்கச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அதைச் சோதிக்கத் தேவைப்படாது. மாதிரி எடுக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கிளாண்டர்ஸ் சோதனையில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இது குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவும் பாக்டீரியா நோய். உறுதியானால் குதிரைக்குச் சிகிச்சை அளிப்பதில்லை, கருணைக்கொலைதான். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனைகளைச் செய்கிறது. மாதிரியை எப்படி அனுப்புவது என்பதை அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குதிரைத் தொற்று இரத்தசோகை, சர்ரா ஆகியவற்றுக்கான சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். முடிவு கையில் வரும்வரை முழுப்பணம் கொடுக்க வேண்டாம். ‘இன்னொருவர் நாளைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார் சார்’ என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வரும். வந்தால் அந்த இன்னொருவருக்கே போகட்டும்.

10. விலையும் எழுத்தும்

நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பயிற்சி, நலம், வயது ஆகிய மூன்றுக்கு மட்டுமே விலை. சேணமும் சேர்த்துத் தருகிறோம் என்பது சலுகையல்ல, சேணம் அந்தக் குதிரையின் முதுகுக்கும் உங்கள் தொடைக்கும் பொருந்தினாலொழிய.

ஒரு வாரம் உங்கள் லாயத்தில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளூர் விற்பனையாளர்களில் பலர் முன்பணத்தின் மேல் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். அந்த வாரத்தில் காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

விற்பனைப் பத்திரத்தில் நிறம், நெற்றியிலும் காலிலும் உள்ள வெள்ளைக் குறிகள், சுழிகளின் இடம், உயரம், வயது, தோலடிச் சில்லு (மைக்ரோசிப்) இருந்தால் அதன் எண், தெரிந்த கெட்ட பழக்கங்கள், சோதனை முடிவுகளின் தேதி ஆகியவை இருக்க வேண்டும். தரோபிரெட் என்றால் புணேயில் உள்ள இந்திய ஸ்டட் புக் (வம்சாவளிப் பதிவேடு) ஆணையத்தின் அடையாளச் சீட்டு இருக்கும். அதிலுள்ள சில்லு எண்ணை, கருவி வைத்துக் குதிரையின் கழுத்தில் படித்து ஒப்பிடச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு குதிரை எது என்பதைச் சொல்லும், யாருடையது என்பதைச் சொல்லாது. உரிமை மாற்றத்துக்குத் தனி எழுத்து வேண்டும்.

11. வீட்டுக்கு அழைத்து வருதலும் முதல் மாதமும்

ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் என்றால், வண்டிகள் குறைந்த அதிகாலையில் நடத்தியே கூட்டி வரலாம். லாரியில் ஏற்றுவதானால், 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி பயணத்துக்குத் தகுதி உண்டென்ற மருத்துவர் சான்று வேண்டும். தளத்தில் வழுக்காதபடி மணலோ வைக்கோலோ பரப்பி, பக்கங்களில் தடுப்புக் கட்டுங்கள். கொண்டையூசி வளைவுகளில் குதிரை தன் எடையை மாற்றிச் சமநிலைப்படுத்த நேரம் வேண்டும் என்பதால் ஓட்டுநர் மிக மெதுவாகத் திரும்ப வேண்டும். இதை ஏற்றும் முன்பே பேசி, கூலியையும் அதற்கேற்ப ஒத்துக்கொள்ளுங்கள். மைசூருப் பக்கமிருந்து வருவதானால், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். வெளியூர்ப் பதிவெண் கொண்ட வண்டிக்கு மலைக்கு வர இ-பாஸ் தேவைப்படும்.

பழைய இடத்துத் தீவனத்தில் பத்து நாளைக்கு வேண்டியதை விலை கொடுத்தாவது வாங்கி வாருங்கள். தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் குடல் நுண்ணுயிர்கள் தாறுமாறாகி வயிற்றுவலி வரும். நாளுக்குக் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். வந்த அன்று கொள்ளை வேகவைத்து விருந்து வைப்பது அன்பின் பேரில் நடக்கும் கெடுதல். புல்லும் தண்ணீரும் மட்டும் போதும்.

வேறு குதிரை இருந்தால், புதியதை மூன்று அல்லது நான்கு வாரம் தனியே வையுங்கள். வாளி, துடைக்கும் துணி, தூரிகை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். குதிரைக்காரர் புதியதைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும். டெட்டனஸ், வெறிநாய்க்கடி, இன்ஃபுளுயன்சா தடுப்பூசிகள் போடப்பட்டதற்கு எழுத்துச் சான்று இல்லையென்றால், போடவில்லை என்றே கொண்டு மருத்துவரிடம் தொடங்கச் சொல்லுங்கள். குடற்புழு மருந்தைச் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு கொடுப்பது முறை.

சமவெளியிலிருந்து வந்த குதிரையை இரண்டு மூன்று வாரம் நடையில் மட்டும் வைத்து, மெல்ல மேட்டுப் பாதைக்குக் கொண்டு போங்கள். மலையிலேயே இருந்த குதிரைக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், முதல் சில நாட்கள் கையில் பிடித்து நடத்தி, இடத்தையும் ஆளையும் பழக்கிய பின்பே ஏறுங்கள்.

தனிமையில் இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் உடல் வெப்பத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினாலோ, மூக்கில் சளி வழிந்தாலோ, தாடைக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டாலோ, அன்றே மருத்துவரை அழைத்து, விற்றவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவருடைய லாயத்தில் நிற்கும் மற்றக் குதிரைகளுக்கும் அது தெரிய வேண்டிய செய்தி.